கீழ்வீட்டுத் தொட்டியில் என் மண்

2015 நவம்பர். இரவெல்லாம் கொட்டிய மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழ்வீட்டுப் பாட்டி குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். "டீச்சர், கொஞ்சம் கீழ வந்து பாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

அவர் வீட்டுக்குப் பின்னால் சரிவை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. பாறை இடுக்கில் கசியும் ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதில் வந்து விழும். நாற்பது வருஷமாக அந்தக் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். அன்றைக்குத் தொட்டி நிறையச் செம்மண் குழம்பு. பாட்டி முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டினார். அதில் வேர்த்துண்டுகள், அழுகின இலைகள், கூடவே ஒரு மஞ்சள் ரிப்பன். புதிதாக நட்ட நாற்றுகளுக்கு அடையாளமாக நான் கட்டிவிட்ட ரிப்பன் அது. என் தோட்டத்து மண்தான் என்று இதற்குமேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

"மேல நீங்க மண்ணக் கெளறினா கீழ எங்களுக்குத்தான் டீச்சர் வரும்" என்றார் பாட்டி. அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை வரை அந்தக் குடும்பத்தோடு நின்று தொட்டியைக் கழுவினேன். அதன்பிறகு இத்தனை வருஷமாக என் தோட்டத்தில் எதைச் செய்தாலும் முதலில் அந்தத் தொட்டி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற கையோடு, கோத்தகிரிக்கு வெளியே 22 சென்ட் நிலத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வீடு மேலே சாலையை ஒட்டி இருக்கிறது. நிலம் அங்கிருந்து சரிந்து கீழ்வீட்டு எல்லையில் போய் முடிகிறது. வீட்டு முன்னால் கிக்கியூ புல்வெளி. வேலி ஓரமெல்லாம் உண்ணிச்செடியும், ஆரஞ்சு நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் செஸ்ட்ரமும். பக்கவாட்டில் மூன்று கற்பூர மரங்கள், ஏழெட்டு சீகை மரங்கள். (இங்கே கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ், அதாவது தைலமரம். சீகை என்றால் சீயக்காய் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம்.) கீழ்மூலையில் ஈரமான ஒரு பள்ளம், அதில் வெள்ளை வெளேரென்று கல்லா லில்லி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ஊட்டி மாதிரியே இருக்கு" என்றார்கள்.

அந்த ஊட்டி மாதிரியில் ஒன்றுகூட ஊட்டியுடையது இல்லை என்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன். கிக்கியூ புல் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது. கல்லா லில்லி தென்னாப்பிரிக்கா. உண்ணிச்செடியும் செஸ்ட்ரமும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கற்பூர மரம் 1840களில் விறகுக்காக இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில், அப்போது கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் பங்களா கட்டினார். அதற்கு அப்புறம் வந்த இருநூறு வருஷத்தில் மலையின் தோற்றமே மாறிப்போய்விட்டது. சோலைக்காடும் (பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் குட்டைமரக் காடு) புல்வெளியும் மாறிமாறி இருந்த இடமெல்லாம் தேயிலையும் தைலமரமுமாக ஆகிவிட்டன.

இதெல்லாம் தெரிந்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. செப்டம்பர் மாதம் ஆறு ஆட்களை வைத்து ஒரே வாரத்தில் உண்ணி, செஸ்ட்ரம், யூபடோரியம் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டோம். நிலம் சுத்தமாக, சிவப்பாக, வெறுமையாக இருந்தது. அதில் இந்த மலைக்கே உரிய மரங்களில் நாற்பது நாற்றுகளை நட்டேன், ரிப்பன் கட்டினேன். இந்த மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிற எங்களுக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான் வரும். அதையும் நான் யோசிக்கவில்லை. வெறும் மண்ணைத் தயாராக வைத்துக்கொண்டு வடகிழக்குப் பருவமழையை அழைத்தது போலத்தான் ஆயிற்று. நட்ட நாற்பதில் மிஞ்சியது ஏழு.

களைச்செடி கெட்டதுதான், சந்தேகமே இல்லை. உண்ணியையும் செஸ்ட்ரத்தையும் மாடு தின்றால் அதன் உடம்புக்கு ஆகாது. அவற்றின் அடியில் வேறு செடி முளைப்பதும் அபூர்வம். ஆனால் சரிவில் நிற்கிற ஒரு கெட்ட செடியின் வேரும் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை எடுக்கிற அன்றைக்கே அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிட வேண்டும். வேர் வராவிட்டால் தழையாவது, கல்லாவது வர வேண்டும்.

இந்த மலையில் மண் நகர்வது சின்ன விஷயம் இல்லை. 2009 நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த வாரம் மாவட்டம் முழுக்க நிலம் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2019 ஆகஸ்டில் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. சமவெளியில் தோட்டம் போடுகிறவர்கள் எந்தச் செடி, எந்தப் பூ என்று ஆரம்பிக்கலாம். இங்கே தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். நானோ நாற்றிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு அந்தத் தண்ணீர்க் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர் வாரத்தில் இரண்டு நாள் தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன். அவருடைய அப்பா அம்மா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாம் வாய்க்கால் என்பதை அவர் "கான்" என்பார். "கான் வெட்டாம தேயிலையே வைக்க மாட்டாங்க டீச்சர், நீங்க காட்ட வைக்கிறேங்கறீங்க" என்று கேட்டார்.

கான் வெட்ட முதலில் மட்டம் பிடிக்க வேண்டும். அவர் செய்த கருவி மூன்று குச்சியும் ஒரு கல்லும்தான். ஆறடி நீளத்தில் இரண்டு சீகைக் குச்சி, உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்காக மூன்றாவது குச்சி. உச்சியிலிருந்து சணல் கயிற்றில் ஒரு கல் தொங்கும். அதைத் தரையில் நிறுத்தி, கயிறு குறுக்குக் குச்சியைத் தொடுகிற இடத்தில் கத்தியால் ஒரு கீறல். பிறகு இரண்டு கால்களையும் இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு கீறல். இரண்டு கீறலுக்கும் சரியாக நடுவில் மூன்றாவதாக ஒன்று. கயிறு அந்த நடுக்கீறலில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று பொருள். முப்பத்தைந்து வருஷம் இருசமபக்க முக்கோணத்தைக் கரும்பலகையில் போட்டவள் நான். அதை ஒரு மனிதர் கயிற்றில் கல்லைக் கட்டி மலைச்சரிவில் நடக்கவைத்த அந்தக் காலையை மறக்க முடியாது. ஒரு காலை ஊன்றி, மறு காலைச் சுழற்றி, கயிறு நடுவில் நிற்கும்வரை மேலும் கீழும் நகர்த்தி, நின்ற இடத்தில் ஒரு முளைக்குச்சி அடிப்பார். அப்படியே சரிவின் குறுக்கே போனால், முளைகள் எல்லாம் சேர்ந்து மலையின் வளைவைக் கோடு போட்டுக் காட்டும். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த இடம் ஒன்றுகூட மட்டமாக இருக்கவில்லை.

அந்தக் கோட்டில் ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் ஒரு கான். மூன்றடி விட்டு அடுத்தது. கீழ் வரிசையில் அந்த இடைவெளிக்கு நேராக இன்னொன்று. மேல் வரிசையில் தப்பிய தண்ணீரைக் கீழ் வரிசை பிடித்துக்கொள்ளும். தோண்டிய மண்ணைக் கானின் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு, அதன்மேல் புல் கத்தைகளை ஊன்றினோம். மழை விட்டதும் கானில் படிந்திருக்கும் வண்டலை அள்ளித் திரும்ப மேலே போட வேண்டும். இது ஒவ்வொரு வருஷமும் செய்ய வேண்டிய வேலை. ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இன்னொன்றையும் அண்ணன்தான் சொன்னார், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லா இடத்திலும் தண்ணீரை நிறுத்தக் கூடாது. சரிவு செங்குத்தாக இருக்கிற இடத்திலும், வீட்டின் அஸ்திவாரத்துக்கும் தடுப்புச்சுவருக்கும் மேலேயும் தண்ணீரைத் தேக்கினால், மண் ஊறி, கனத்து, மொத்தமாகக் கீழே வந்துவிடும். அங்கெல்லாம் கல் பாவிய வடிகாலில் தண்ணீரை அமைதியாக வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மழைநீரைச் சேமி என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரையை மலையில் அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. எங்கள் பழைய சிமென்ட் தடுப்புச்சுவரில் நீர் வடிய ஒரு துளைகூட இல்லை. பின்னால் தேங்கிய தண்ணீர் தள்ளி, அது வயிறு வைத்து நின்றது. அதை இடித்துவிட்டு, சிமென்ட் பூசாத வெறும் கல்கட்டாகக் கட்டினோம். கல் இடுக்கில் தண்ணீர் வடிகிறது. இப்போது அதில் பாசியும் பெரணியும் காசித்தும்பையும் தானாக வந்துவிட்டன. சுவர் போட்ட செலவில் பாதியைத் தோட்டம் போட்ட செலவாகவே எழுதிக்கொள்ளலாம்.

கூரைத் தண்ணீரும் ஒரு கணக்குதான். 1,000 சதுர அடிக் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்த ஒரு ராத்திரியில் 4,650 லிட்டர். அத்தனையும் முன்பு ஒரே குழாய் வழியாகச் சரிவின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தொட்டி வைத்துப் பிடித்தோம். நிறைந்தால் மிச்சம் கல் வடிகாலுக்குப் போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாற்றுகளுக்கு இந்தத் தண்ணீர் போதுமாக இருக்கிறது.

இப்போது மரங்களுக்கு வருகிறேன். கற்பூர மரத்தை வெட்டிவிட வேண்டும் என்பதில் எனக்கு அவசரம் இருந்தது. அது தண்ணீரை உறிஞ்சும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அது வெறும் பேச்சில்லை. கிளென்மார்கனில், பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் கற்பூரம் நட்டு, உதகையிலுள்ள மண்–நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் பல வருஷம் ஓடைநீரை அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதல் பத்து வருஷத்தில் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிவிட்டு மறுபடி தழைக்கவிட்ட அடுத்த பத்து வருஷத்தில் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

ஆனால் சொந்த நிலம்தானே என்று இங்கே மரத்தில் கோடாலி வைக்க முடியாது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் கொடுத்தேன். காத்திருந்த மாதங்களில் எனக்குப் பொறுமையாக இருக்க முடியவில்லை, உண்மைதான். இன்றைக்கு யோசித்தால், அந்தச் சட்டம் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதி மரம் எப்போதோ கட்டடமாகியிருக்கும். இரண்டு மரத்துக்கு அனுமதி கிடைத்தது. வெட்டிய மரம் அதோடு முடியாது. அடிக்கட்டையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை நீலம் பூத்த தளிர் கிளம்பும், ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருஷம் ஒடித்த பிறகுதான் ஓய்ந்தது. மூன்றாவது மரம் இன்னும் நிற்கிறது. அதில் வருஷா வருஷம் ஒரு கழுகு வந்து உட்கார்வதால் எனக்கும் இப்போது மனசு வரவில்லை.

சீகையையும் வெட்டுவதாகத்தான் இருந்தேன். லாங்வுட் சோலைக்குப் போய்வந்த பிறகு முடிவை மாற்றினேன். கோத்தகிரியை ஒட்டி 116 ஹெக்டேரில் தப்பிப் பிழைத்திருக்கும் சோலைக்காடு அது. சுற்றியிருக்கிற பல ஊர்களுக்கு அதுதான் தண்ணீர். உள்ளே போனால் வெளியே வெயில் அடிப்பதே தெரியாது. காலுக்கடியில் மண் கறுப்பாக, மெத்தை மாதிரி அமுங்கும். குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி. அங்கே ஓரத்தில் சீகை நின்ற பகுதியில், அதன் நிழலில், சோலைமரக் கன்றுகள் வரிசையாக வந்திருப்பதைப் பார்த்தேன். திறந்த வெளியில் ஒன்றுகூட இல்லை. பழனி மலையிலும் ஆராய்ச்சியாளர்கள் இதையே பதிவு செய்திருக்கிறார்கள்: கைவிட்ட சீகைத் தோப்புகளின் அடியில் சோலை திரும்ப வருகிறது. காரணம் எளிது. சோலைக் கன்றுக்கு டிசம்பர், ஜனவரி உறைபனியும் ஆகாது, பட்டப்பகல் வெயிலும் ஆகாது. மேலே ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரை எந்த நாட்டு மரம் என்று அது பார்ப்பதில்லை.

சீகையை வெட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். மேலே வெளிச்சம் விழுந்ததும் கீரை விதைத்தது போல முளைத்து வரும். அதனால் எங்கள் சீகைகளை அப்படியே விட்டு, அவற்றின் அடியில் நட ஆரம்பித்தோம். நாவல் இனத்தில் இரண்டு, விக்கி, காட்டுச் செண்பகம், நீர்ச்செப்பை. வெயில் விழும் ஓரத்தில் மட்டும் காட்டுப்பூவரசு. அது சோலையின் விளிம்பிலும் புல்வெளியிலும் நிற்கிற மரம், நிழல் கேட்காது. கன்று கொஞ்சம் தலை எடுத்ததும் மேலே இருக்கிற சீகையில் ஒரு கிளையைக் கழிப்போம். அடுத்த வருஷம் இன்னொன்று. வெளிச்சத்தை ஒரே நாளில் திறந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறோம். புல்வெளியை மீட்க நினைப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது, அங்கே சீகையை எடுத்தே ஆக வேண்டும். எங்களுடையது பள்ளத்துச் சரிவு, சோலை இருந்திருக்கக்கூடிய இடம்.

சோலை மரம் மெதுவாகத்தான் வளரும். ஒரு வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் அது நல்ல வருஷம். கற்பூர மரம் வளர்கிற வேகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வளர்கிற மாதிரியே தெரியாது. நான் பென்சிலால் குச்சியில் தேதி போட்டுக் கோடு இழுத்து வைத்துக்கொள்கிறேன்.

நான் நடாத கன்றுகளைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை. மூன்றாவது வருஷம், ஜூன் மாதம், சீகைக் கிளைக்கு நேர் கீழே களை எடுத்துக்கொண்டிருந்தேன். செப்பு நிறத்தில் இரண்டு இலையோடு ஒரு முளை. பிடுங்கப்போன கையை ஏனோ நிறுத்தினேன். குனிந்து பார்த்தால் அதே மாதிரி இன்னும் நான்கு. அண்ணாந்து பார்த்தேன். கிளையில் கொண்டைக்குருவி ஒன்று உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எங்கேயோ நாவல் தின்றுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து எச்சமிட்டிருக்கிறது. நான் நட்டதற்கு நாற்றங்காலிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. இது சும்மா வந்தது. அன்றிலிருந்து எந்த முளையையும் நான்கு இலை விடுகிறவரை பிடுங்குவதில்லை. நான்கு இலை வந்தால் செஸ்ட்ரமா, சீகையா, நம்முடையதா என்று தெரிந்துவிடும். பேத்திக்கு இது விளையாட்டாகிவிட்டது. "அம்முச்சி, இது நம்மளுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வருவாள்.

களைச்செடியையும் இப்போது பத்தடிப் பட்டையாகத்தான் எடுக்கிறோம், அதுவும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில். எடுத்த இடத்தில் அன்றே தழை போர்த்துகிறோம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்த குச்சிகள் கிடைக்கும். சரிவின் குறுக்கே அடுக்கி வைத்தால் மண்ணையும் பிடிக்கும், காட்டுமாடு கன்றை மிதிக்காமலும் பார்த்துக்கொள்ளும். களைக்கொல்லி அடித்தால் ஒரே நாளில் முடியும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். கீழே குடிதண்ணீர்த் தொட்டி இருக்கிறபோது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கிக்கியூ புல்லோடுதான் பெரிய போராட்டம். மண்ணுக்குள் விரல் தண்டிக்கு ஓடும் கிழங்கில் ஒரு கணு மிஞ்சினால் போதும், திரும்ப வந்துவிடும். மேலே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் அரை அடி தழை போட்டு, ஒரு வருஷம் வெளிச்சம் காட்டாமல் வைத்துத்தான் ஒழித்தோம். வீட்டு வாசலில் ஒரு பாய் அளவுக்கு மட்டும் விட்டிருக்கிறேன், பிள்ளைகள் உட்கார. அது தாண்டாமல் சுற்றிக் கல் பதித்திருக்கிறது. மற்ற இடத்தில் இந்த மலையின் கத்தைப் புற்கள். வெட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பனிக்காலத்தில் செம்பழுப்பாகக் காய்ந்து நிற்கும்போது "ஏன் கவனிக்காம விட்டுட்டீங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. மழைக்குப் பிறகு வந்து பாருங்கள் என்பேன்.

கீழ்மூலை ஈரப்பள்ளத்தைப் பற்றி முதலில் சொன்னேன். கல்லா லில்லியைத் தோண்டும்போது ஒரு அடிக்குக் கீழே செங்கல், ஓடு, சிமென்ட் கட்டிகள் வந்தன. யாரோ ஒரு காலத்தில் சதுப்பை மேடாக்க இடிபாடுகளைக் கொட்டியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் எத்தனையோ சதுப்புகளுக்கு இதே கதி. தட்டையான இடம் என்றால் அதுதான், எனவே பஸ் நிலையமும் மைதானமும் வீடும் அங்கேதான் வரும். தோடர்கள் கோயில் கூரை வேய்கிற புல்கூட சதுப்பில்தான் விளையும். சதுப்பு போனதோடு அதுவும் அருகிப்போனது. நாங்கள் இரண்டு கோடை முழுக்க அந்த இடிபாடுகளைக் கூடையில் அள்ளி மேலே கொண்டுவந்தோம். லில்லிக் கிழங்கை ஒன்றுவிடாமல் பொறுக்கி, சாக்கில் கட்டி வெயிலில் காயவைத்தோம். வேறு எதுவும் நடவில்லை. மறுவருஷம் கோரையும், பெயர் தெரியாத சின்னச் சின்ன மஞ்சள் பூக்களும் தாமாக வந்தன. ஜூலையில் தவளைச் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் பொங்கல் தாண்டினால் காய்ந்துவிடும் பள்ளம், இப்போது மாசி வரை சொதசொதவென்று இருக்கிறது.

பக்கவாட்டு முள்கம்பியை எடுத்துவிட்டோம். ஒரு காட்டுமாட்டுக் கன்று அதில் மாட்டி விலாவில் கிழித்துக்கொண்டதை நேரில் பார்த்த பிறகு அதை வைத்திருக்க முடியவில்லை. அவை காலங்காலமாக நடந்துபோகிற தடம் எங்கள் நிலத்தின் ஓரமாகப் போகிறது. அந்தத் தடத்தை எட்டடி அகலத்துக்கு விட்டுவிட்டு உள்ளே தள்ளி ஊசிக்களா வேலி வைத்தோம். ஊசிக்களாவின் முள் போதும், மாடு நின்று யோசித்துவிட்டு வழியே போய்விடும். பழம் குருவிக்கு. பேரிக்காய் காய்க்கிற மாதங்களில் கரடி வரும். விழுந்த காயை இருட்டுவதற்குள் பொறுக்கிவிடுகிறோம். சமையல் கழிவு மூடி போட்ட உரத்தொட்டிக்குள்தான் போகும். தோட்டத்து விளக்கெல்லாம் எடுத்தாகிவிட்டது. வாசலில் ஒன்று மட்டும், அதுவும் ஆள் வந்தால் எரிகிறது.

போன செப்டம்பரில், மழைக்கு முன்னால் எப்போதும் போலக் கீழ்வீட்டுத் தொட்டியைக் கழுவப் போனேன். இது 2015க்குப் பிறகு வருஷா வருஷம் நானும் அண்ணனும் செய்கிற வேலை. பாட்டிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, படியேற முடிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைத் திறந்துவிட்டதும் அடியில் வண்டல் தெரிந்தது. ஒரு காலத்தில் முழங்கால் வரை புதைந்த தொட்டி. அண்ணன் விரலை வைத்து அளந்தார். இரண்டு விரற்கடை.

"இந்த மண்ண எங்க கொட்டறது டீச்சர்?" என்றார் அண்ணன்.

பாட்டி திண்ணையிலிருந்தே, "அவங்களுதுதானே, மேல எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

மூன்று பக்கெட் வந்தது. படியேறித் தூக்கிக்கொண்டு போய், காட்டுப்பூவரசுக்கு அடியில் போட்டோம். அது எங்கள் நாற்பதில் மிஞ்சிய ஏழில் ஒன்று. இப்போது என் தோள் உயரம் இருக்கிறது. இந்த மாசியில் முதல்முறையாக மூன்று கொத்து பூத்தது, நல்ல சிவப்பு.